இருபத்தேழாம் இலக்கக் கல்

அண்ணையிடமிருந்து பார்சல் வந்திருக்கிறது என்ற செய்தி எனக்குத் தெரியமுதல் எங்கள் ஒழுங்கைச் சனத்துக்குத் தெரிந்துவிட்டது. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளைச் சாத்தியபோது எங்கள் விறாந்தையில் பத்துப் பேர் இருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா சாய்மனைக் கதிரையைப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் படலையடியிலேயே நின்று கதைத்துவிட்டுப் போகிற பின்வீட்டு மாமிகூட அன்று சப்பணம் கட்டி உட்கார்ந்திருந்தார்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் தொடக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் போர்த்தடையால் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெயைப் போத்தலில் பார்த்தவர்கள் அதைப் பற்றி நாலு நாள் கதைப்பார்கள். அப்படிப்பட்ட காலத்தில் வெளிநாட்டுப் பார்சல் பிரிப்பது கோயில் கொடியேற்றம் மாதிரி. யாரையும் அழைக்கத் தேவையில்லை.

கொண்டுவந்தவர் எங்களுக்குத் தூரத்து உறவு. கொழும்பிலிருந்து ஒரு செத்தவீட்டுக்காக வந்தவர். தாண்டிக்குளத்தில் இராணுவத்தைக் கடந்து, கொம்படி வெளியில் இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் நடந்து, பார்சலைத் தலையில் சுமந்து வந்திருந்தார். துணி சுற்றி, அதற்குமேல் பொலித்தீன் சுற்றி, அதற்குமேல் சணல் கயிறு கட்டியிருந்தது. அம்மா தூக்கிப் பார்த்தார்.

"சரியான பாரமாக் கிடக்கு."

"பாரமெண்டால் சவுக்காரந்தான்," என்று மாமி தீர்ப்புச் சொன்னார்.

"சவுக்காரமெண்டால் மணக்குமே," என்றார் மாமா. "உது ரின் மீனாயிருக்கும்."

கயிறு அறுந்தது. பொலித்தீன் விலகியது. துணி விரிந்தது. உள்ளே ஒரு கல் இருந்தது.

பாதித் தேங்காய் அளவு. மண்ணிறத்துக்கும் சாம்பல் நிறத்துக்கும் இடைப்பட்ட ஒரு அழுக்கு நிறம். ஒரு பக்கத்தை வாளால் அறுத்து மினுக்கியிருந்தார்கள். அந்த மினுக்கத்துக்குள், விரல் நீளத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சிப்பிகள் நெருக்கமாகப் படுத்துக் கிடந்தன. அதனோடு இரண்டு பக்கமும் எழுதிய ஆறு தாள் கடிதம்.

பிறகு மாமா எழுந்து போய் எங்கள் மதிலை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"உப்பிடிச் சிப்பிக்கல்லு உங்கடை மதிலிலை மட்டும் ஆயிரம் கிடக்கு," என்றார். "தம்பி இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் இஞ்சையிருந்து ஒரு லொறி அனுப்பியிருப்பம்."

அதில் பிழை சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் முழுவதுமே ஒரு காலத்தில் கடலுக்குள் கிடந்த சுண்ணாம்புக்கல். எங்கே அலவாங்கைப் போட்டுத் தோண்டினாலும் சிப்பி வரும். கிணறு, மதில், கோயில் அடித்தளம் எல்லாம் அதுதான். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஊசியைக் கடல் தாண்டி, போர் தாண்டி, அடுத்தவர் தலையில் ஏற்றி அனுப்பியவர் என் அண்ணை ஒருவர்தான்.

கொண்டுவந்தவர் பரிதாபமாகச் சொன்னார்: "தாண்டிக்குளத்திலை ஆமிக்காரன் என்னெண்டு கேட்டான். எனக்கும் தெரியாதுதானே? சாமிக்கல்லு, பூசைக்குக் கொண்டு போறன் எண்டன். தொப்பியைக் கழட்டிப்போட்டுத் தந்தவன்."

எல்லோரும் அறைக் கதவைப் பார்த்தார்கள். அறைக்குள் ஐயா, எங்கள் தகப்பனார், இருந்தார். பழைய பத்திரிகையை வாசித்துக்கொண்டிருந்தார், அதாவது அரை மணித்தியாலமாக ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எங்கள் ஊரான உடுவிலைச் சுற்றியிருந்த ஊர்களில் இஞ்சினியர் என்று பெயர் எடுத்தவர்களில் அரைவாசிப் பேர் எங்கள் விறாந்தையில் பாய் விரித்துப் படித்தவர்கள். குடாநாட்டில் விழாமல் நிற்கும் ஒவ்வொரு கட்டடத்திலும் தனக்கு ஒரு பங்கு இருப்பதாக ஐயா நம்பினார். விழுந்தவை பீரங்கிச் செல்லடியில் விழுந்தவை, கணக்குப் பிழைத்து விழுந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுவார்.

அண்ணையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல்தான் படித்துக்கொண்டிருந்தார். எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அகதிகளோடு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். அடுத்த வருடம் வெளிநாடு போனார். அங்கே விட்ட இடத்திலிருந்து பொறியியலைத் தொடர்வார் என்று ஐயா ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்க, இரண்டு வருடம் கழித்து நீலநிற விமானக் கடிதம் ஒன்று வந்தது. மண்ணியல் படிக்கப் போவதாகவும், கற்களைப் பார்க்கும்போது மனம் அமைதியடைவதாகவும் அதில் எழுதியிருந்தது.

"கல்லு பொறுக்கப் போறாராம்," என்று ஐயா அம்மாவிடம் சொன்னார். "அதுக்கு இவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை."

அன்றோடு ஐயா அண்ணைக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டார். அம்மா எழுதுவார். எழுதும்போது ஐயா பின்னால் நின்று, "அந்த இடத்திலை ‘ற’ வராது, ‘ர’," என்று திருத்துவார். எழுதுவதில்லை என்ற விரதம் அதனால் முறியாது. இப்படி ஆறு வருடம். எத்தனை அரசாங்கம் எங்களை ஆண்டது, எத்தனை படைகள் வந்து போயின! ஐயாவின் கோபம் மட்டும் இடம்பெயராமல் இருந்தது.

விறாந்தையில் கூடியவர்களை வெறுங்கையோடு அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. "கடிதத்தையாவது வாசி, பிள்ளை," என்றார். விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான்தான் என்பதால் அந்தத் தண்டனை எனக்கு.

வாசித்தேன். இந்தக் கல் ஒரு மலையடிவாரத்தில் எடுத்தது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் அந்த இடம் ஆழ்கடலின் அடி. சூரிய வெளிச்சம் எட்டிப்பார்க்காத இருட்டு. அங்கே சேற்றுக்குள்ளிருந்து மெதேன் வாயு கசிந்துகொண்டிருந்தது. அந்த வாயுவில் பிழைக்கும் பற்றீரியாக்கள் இருந்தன. அந்தப் பற்றீரியாக்கள் செய்கிற வேலையில் ஒரு கந்தக வாயுவும் உண்டாகும். அதை உண்ணும் வேறு பற்றீரியாக்களைச் சிப்பிகள் தங்கள் பூக்களுக்குள்ளேயே, அதாவது செவுள்களுக்குள்ளேயே, குடிவைத்து, அவை ஆக்கித் தருவதில் வாழ்ந்தன. இந்த வகைச் சிப்பிகளில் சிலவற்றுக்கு வாயால் பெரிய வேலை இல்லை, சிலவற்றுக்குக் குடலே இல்லை. காலம் போகப்போக மெதேனிலிருந்த கரி சுண்ணாம்புக்கல்லாகிச் சிப்பிகளை அப்படியே மூடிவிட்டது. ஆகவே நீங்கள் கையில் வைத்திருப்பது ஒரு காலத்தில் வாயுவாக இருந்தது.

"மெதேன் எண்டால்?" என்றார் மாமி.

"எரியிற வாயு, மாமி. சாணியிலையும் வரும்."

"அப்ப இதை அடுப்பிலை வைச்சால் எரியுமோ?"

"இல்லை, மாமி. இப்ப அது கல்லு."

"எரியேக்கை அனுப்பாமல், கல்லானாப் பிறகு அனுப்பியிருக்கிறான்," என்று சொல்லிவிட்டு மாமி எழுந்தார். அதோடு கூட்டம் கலைந்தது.

கடிதத்தின் கடைசித் தாளை நான் வாசிக்கவில்லை. அது வீட்டுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. எண்பத்திரண்டில் எங்கள் கிணற்றை ஆழமாக்க வெடி வைத்தபோது, அடியிலிருந்து வந்த கற்களில் சிலது கூழ்முட்டை மணம் மணந்ததாக அண்ணைக்கு ஞாபகம். வாயுக்கசிவில் உண்டான கற்களை உடைத்தால் அப்படித்தான் மணக்குமாம். அந்தக் கற்கள் இப்போதும் வீட்டின் பின்வளவில் குவியலாகக் கிடந்தால், மணக்கிற ஒரு துண்டை எப்படியாவது அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணத்தில் அப்படி ஒன்று இருந்தால் அது பெரிய விஷயம்.

குண்டு விழுந்துகொண்டிருந்த ஊருக்கு எழுதும் கடிதத்தில் இதைவிட அவசரமாக என்னதான் கேட்க முடியும்?

நான் அதை அம்மாவுக்குத்தான் வாசித்துக் காட்டினேன். ஆனால் மூன்றாம் நாள் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, ஐயா முற்றத்தில் குந்தியிருந்து, அண்ணை அனுப்பிய கல்லின் மூலையைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சில்லு தெறித்தது. அதை எடுத்து மூக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"மணக்குது," என்றார்.

"கடிதம் வாசிச்சனீங்களோ, ஐயா?"

"மேசையிலை கிடந்தது. மேலோட்டமாப் பாத்தன்." மேலோட்டமாகப் பார்த்த கடிதத்தில் பென்சிலால் பதினேழு இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார் என்பதைப் பிறகு கண்டேன். "எங்கடை கிணத்திலை அப்பிடி ஒரு மணமும் வரேல்லை. அவனுக்கு விசர். ஒண்டொண்டா மணந்து பாத்து, இல்லையெண்டு நிரூபிச்சு எழுதினால்தான் அடங்குவான்."

மகனுடைய படிப்பை ஆறு வருடம் மதிக்காத ஒருவர், அதைப் பிழையென்று நிரூபிப்பதற்காக அதைச் செய்யத் தொடங்கினார். இதில் ஒரு முரண் இருப்பதாக ஐயாவுக்குப் படவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் பட்டது.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. ஐயா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பின்வளவுக் குவியலைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கல்லுக்கும் வெண்கட்டியால் இலக்கம் போட்டார். ஒரு கொப்பியில் கோடு அடித்து என்னிடம் தந்தார். அவர் கல்லை உடைப்பார், மணப்பார், சொல்லுவார். நான் எழுத வேண்டும்.

"ஒண்டு. மணமில்லை."

"இரண்டு. மணமில்லை."

"மூண்டு... மண் மணம். மண் மணம் எண்டு எழுது, மணமில்லை எண்டு எழுதாதை. இரண்டும் வேறை."

பதினொன்றாம் கல்லில் ஆட்டுப் புழுக்கை மணம் பதிவானது. பதினாறில் ஐயாவுக்குத் தும்மல் வந்தது, அதையும் எழுதச் சொன்னார். இருபத்தேழாம் கல்லை உடைத்து மணந்தார். திரும்ப மணந்தார். என்னிடம் நீட்டினார்.

கூழ்முட்டை என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ இருந்தது. காரமாக, மூக்கின் அடியில் போய் நிற்கிற மாதிரி.

"மணக்குது, ஐயா."

ஐயாவின் முகத்தில் அன்று வந்து போனதை என்னவென்று சொல்ல? மாணவன் சொன்ன விடைதான் சரி, புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது பிழை என்று கண்ட வாத்தியாரின் முகம். "எழுது," என்றார். "இருபத்தேழு. மணம் உண்டு." அந்தத் துண்டை மட்டும் வேட்டித் தலைப்பால் துடைத்து எடுத்து வைத்தார். தூசி என்று சொன்னார்.

எங்கள் பின்வேலி தென்னோலை பின்னிய கிடுகுவேலி. கிடுகுக்குள் ஓட்டைகள் இருந்தன. ஓட்டைகளுக்குப் பின்னால் மாமி இருந்தார்.

கிணற்றடியில் மாஸ்டர் கல்லை உடைத்து உடைத்து மணக்கிறார், மகள் பக்கத்திலிருந்து கணக்கு எழுதுகிறாள், மகன் வெளிநாட்டிலிருந்து எரிகிற வாயுவைப் பற்றி எழுதியிருக்கிறான். இந்த மூன்றையும் கூட்டினால் விடை என்ன? விடியும்போது ஒழுங்கை முழுவதும் அந்த விடையைக் கண்டுபிடித்திருந்தது. மாஸ்டர் வீட்டுக் கிணற்றில் மண்ணெண்ணெய்.

முதலில் வந்தவர் போத்தலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா சுகம் விசாரிக்க வந்தனான்," என்றார். அதற்கடுத்து வந்தவர்கள் மறைக்கவில்லை. காலை எட்டு மணிக்குள் படலையிலிருந்து கிணற்றடி வரை போத்தல், கலன், ஒரு குத்துப்போணி, இரண்டு மருந்துக் குப்பி. ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு, பஞ்சை எண்ணெயில் நனைத்து வெளிச்சம் கண்ட சனம் அது. சிரிக்க எனக்கு உரிமை இல்லை. நானும் அந்த வெளிச்சத்தில்தான் கொப்பி திருத்தினேன்.

"அது தண்ணி," என்று ஐயா வாசலில் நின்று சொன்னார். "நாங்கள் குடிக்கிற தண்ணி."

"ஓம், மாஸ்டர், ஓம்," என்றார்கள். ஒருவரும் போகவில்லை.

ஒரு கிழவர் துலாவை இழுத்து ஒரு வாளி அள்ளினார். மடியிலிருந்து திரி எடுத்து அதில் நனைத்து, நெருப்புக்குச்சி உரசினார். திரி எரியவில்லை. இன்னொரு குச்சி. எரியவில்லை. கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர் ஆதாரத்தைக் கண்டு நம்பிக்கையைக் கைவிடுகிற ஊர் அல்ல.

"மேல்தண்ணியிலை இராது," என்று ஒருவர் சொன்னார். "அடியிலை கிடக்கு. மாஸ்டர் ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

இப்படி, முப்பது வருடமாக மற்றவன் பிள்ளைகளுக்கு விடிய விடியக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் ஒரே காலைப்பொழுதில் எரிபொருள் பதுக்கல்காரர் ஆனார்.

பின்னேரம் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். அப்போது எங்களை நிர்வகித்த இயக்கம் அனுப்பியவர்கள். ஒருவரிடம் கொப்பி இருந்தது, மற்றவரிடம் பேனை இருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். கயிறு விட்டு ஆழம் அளந்தார்கள். தண்ணீரை மணந்தார்கள். எங்களுடைய நெருப்புப்பெட்டியை வாங்கி, குச்சி ஒன்றைக் கொளுத்திக் கிணற்றுக்குள் போட்டார்கள். அது அணைந்தது. சந்தேகம் தீர இன்னும் இரண்டு. அம்மா ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஐயா, உங்கடை மகன் வெளிநாட்டிலை என்ன செய்யிறார்?" என்று கொப்பிக்காரர் கேட்டார்.

ஐயா ஆறு வருடமாக யாருக்கும் சொல்லாத பதிலை அன்று சொல்ல வேண்டி வந்தது. "மண்ணியல் ஆராய்ச்சி. ஆழ்கடலிலை வாயு கசிஞ்ச இடங்களிலை சீவிச்ச சிப்பியளைப் பற்றி."

"அந்த வாயு இஞ்சையும் இருக்கோ?"

"அதைத்தான் நான் பாத்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் இடையிலை வந்திட்டியள்."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு போத்தலில் தண்ணீர் அடைத்துக்கொண்டு, ஆய்வு முடியும்வரை இந்தக் கிணற்றில் யாரும் அள்ளக்கூடாது என்று சொல்லி, துலாக்கயிற்றைக் கழற்றிக் கட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு கிழமை அம்மாவும் நானும் மாமி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சுமந்தோம். ஒவ்வொரு குடத்துக்கும் மாமி பக்கத்தில் நின்று, "பாவம், சொந்தக் கிணறு இருந்தும்," என்று அனுதாபப்பட்டார். அந்த அனுதாபத்தைவிடக் குடம் பாரம் குறைவு. ஐயா குளிக்காமல் இருந்தார். கொள்கை என்று சொன்னார்.

எட்டாம் நாள் அதே இரண்டு பேர் வந்தார்கள். கொப்பியைப் பிரித்து முடிவை வாசித்தார்கள். "பரிசோதிச்சதிலை, உங்கடை கிணத்திலை இருக்கிறது தண்ணி."

"நன்றி," என்றார் ஐயா. "எங்களுக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது."

அன்று பின்னேரம் ஐயா மேசையில் உட்கார்ந்து அண்ணைக்குக் கடிதம் எழுதினார். ஆறு வருடத்துக்குப் பிறகு எழுதும் முதல் கடிதம். அது பரீட்சைத்தாள் திருத்திய மாதிரி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் எழுத்துப்பிழை மூன்று. நாலாம் பக்கத்தில் வாயு எப்படிக் கல்லாகும் என்பதற்கு இரசாயனச் சமன்பாடு தரப்படவில்லை. ஐந்தாம் பக்கத்தில், செத்துக் கல்லாகிப்போன சிப்பிக்குக் குடல் இருக்கவில்லை என்பது உமக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் காட்டவும். இருபத்தேழாம் இலக்கக் கல் மணக்கிறது. அனுப்புகிறேன்.

விளிப்பு இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. அம்மா அதை வாங்கி, மேலே மிச்சமிருந்த இடத்தில், தன்னுடைய கோழிக்கிறுக்கல் எழுத்தில், ‘அன்புள்ள மகனுக்கு’ என்று எழுதினார். ஐயா கண்டும் காணாத மாதிரி இருந்தார். எழுத்துப்பிழை இல்லாதபடியால் திருத்தவும் வழியில்லை.

கல்லை யார் கொண்டுபோவது? பெரியம்மா கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போக இருந்தார். அம்மாவின் மூத்த சகோதரி. அனுராதபுரத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கோப்பு எழுதும் கிளாக்காக இருந்து ஓய்வுபெற்றவர். சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எந்த அதிகாரியையும் தனக்குக் கீழே வேலை செய்கிறவர் மாதிரியே பார்ப்பார். ஐயா கல்லை அவரிடம் நீட்டினார்.

"கண்ணைத் திருத்தப் போறன் எண்டு உங்களுக்கு நான் குருடியாத் தெரியுறனோ?" என்று பெரியம்மா கேட்டார். "கல்லைக் கல்லெண்டு தெரியுது."

"பிள்ளை கேட்டவன்," என்றார் ஐயா.

பெரியம்மா ஐயாவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "பிள்ளையோ?" என்றார். கல்லை வாங்கிப் பைக்குள் வைத்தார்.

குடாநாட்டை விட்டு வெளியேற அப்போது இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்கும் இடத்துக்கு நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு என்னைவிட வயது குறைவு. பையைச் சோதித்தார். சேலைகளுக்குள்ளிருந்து கல் வந்தது.

"இதென்னம்மா?"

"கல்லு, தம்பி."

"எதுக்குக் கொண்டு போறியள்?"

"ஆராய்ச்சிக்கு."

அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "மண்ணின்ரை வளத்தை வெளியிலை கொண்டுபோக அனுமதியில்லை."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, உது வளமெண்டால் எங்கடை தங்கச்சி வீட்டிலை பின்வளவு முழுக்கக் கிடக்கு. நாளைக்கே லொறி கொண்டுவந்து ஏத்துங்கோ. அதுகளும் நடக்க இடமில்லாமல் கஷ்டப்படுதுகள். இந்த ஒண்டை மட்டும் எனக்கு விடுங்கோ."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்து, ‘கல் - ஒன்று’ என்று பாஸில் எழுதித் தந்தார். அண்ணையின் கல் கடவுளாக உள்ளே வந்தது, அதற்குப் பதிலாக எங்கள் கல் இயற்கை வளமாக வெளியே போனது.

வழியில் நடந்ததைப் பெரியம்மா பிறகு எழுதிய கடிதத்தில்தான் அறிந்தோம். தாண்டிக்குளத்தில் இராணுவத்தினன் ஒருவன் கல்லை எடுத்து, "மொகக்த மே?" என்று கேட்டிருக்கிறான், இது என்ன என்று. இவர் சிங்களத்தில் கல் என்று சொல்லியிருக்கிறார். கல் என்று அவனுக்கும் தெரியும், ஏன் என்பதுதான் கேள்வி. பெரியம்மா உண்மையைச் சொன்னார். ஆழ்கடல், வாயு, வாயில்லாச் சிப்பி. வாயு என்ற சொல்லைக் கேட்டதும் நாலு பேர் பின்வாங்கி நின்றார்கள். பெரியவன் ஒருவன் வந்தான். மணந்து பார்த்தான். சுத்தியல் கொண்டுவந்து கல்லை இரண்டாகப் பிளந்தார்கள். உள்ளே சிப்பி இருந்தது. பெரிய பாதியைத் தாங்கள் பரிசோதிக்க வைத்துக்கொண்டு சின்னப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாட்டில் எதிர் எதிராக நின்று சுட்டுக்கொண்டிருந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தன. எங்கள் கிணற்றடிக் கல் ஆபத்தானது.

அண்ணையின் பதில் வர ஏழெட்டு மாதம் ஆனது. இந்த முறை கடிதம் ஐயாவின் பெயருக்கு. ஐயா அதை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஒரு சத்தம் வந்தது. ஐயா சிரிக்கும் சத்தம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை, ஏனென்றால் அதை நான் அதிகம் கேட்டதில்லை.

வெளியே வந்து கடிதத்தை நீட்டினார். கல்லை மெல்லிய தகடாக அரிந்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாராம் அண்ணை. அது சாதாரண யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல். அதிலிருந்த சிப்பிகள் கழுத்தளவு ஆழமான, நல்ல வெயில் படுகிற கடலில் வாழ்ந்தவை. வாயும் வயிறும் ஒழுங்காக இருந்தவை. இங்கே ஆழ்கடலும் இல்லை, வாயுவும் இல்லை. மணம் கல்லுக்குள்ளிருந்து வரவில்லை, வெளியிலிருந்து ஊறியிருக்கிறது. ‘இருபத்தேழாம் இலக்கக் கல் கிடந்த இடத்தில் மாடு ஏதும் கட்டுவதுண்டா?’

அம்மா கையைக் கன்னத்தில் வைத்தார். "சிவலையை அங்கைதானே கட்டுறனாங்கள்."

நான் மணந்து, ‘உண்டு’ என்று கொப்பியில் எழுதியது எங்கள் பசுவின் மூத்திரம்.

"எண்டாலும் முறையிலை பிழையில்லை," என்றார் ஐயா. "தரவு ஊத்தையாப் போச்சு, அவ்வளவுதான்."

பதினேழு கேள்விக்குறிகளுக்கும் அண்ணை பதில் எழுதியிருந்தார். குடல் இல்லாத சங்கதி இப்போது உயிரோடிருக்கும் இனத்துச் சிப்பிகளை ஆழ்கடலில் பிடித்துப் பார்த்ததால் தெரியும். கல்லில் இருக்கும் கரி அணுக்களின் நிறையை அளந்தால் அது வாயுவிலிருந்து வந்ததா என்று தெரியும். சமன்பாடும் இருந்தது. ஐயா அதை இரண்டு பக்கமும் சரிபார்த்தார். சரியாக இருந்தது. அன்றைக்கு அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

அதற்குப் பிறகு கடிதங்கள் போய் வந்தன. போக மூன்று மாதம், வர நாலு மாதம். எந்தச் சண்டையையும் இந்த வேகத்தில் நடத்தினால் யாரும் சாகமாட்டார்கள். தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்ற சொற்ப மாதங்களில், அண்ணை தன்னுடைய ஆய்வேட்டின் பிரதியொன்றை அனுப்பினார். தடித்த புத்தகம். ஐயா ஒன்றும் விளங்காமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். ஒரு அட்டவணையில் எந்தெந்த இடத்தில் எத்தனை சிப்பி எடுத்தது என்று கொடுத்திருந்தது. கூட்டிப் பார்த்தார். மொத்தத்தில் பத்து குறைந்தது.

வீட்டில் கலியாணம் நடந்தால்கூட ஐயா அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். "பத்துச் சிப்பி எங்கை?" என்று ஒரே வரியில் கடிதம் எழுதினார். அண்ணை உடனே பிழையை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். அதை அச்சேற்றும் கட்டுரையில் திருத்தி, அடிக்குறிப்பில் தகப்பனாருக்கு நன்றி சொல்லப் போவதாகவும் எழுதியிருந்தார். ஐயா அந்தக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனார், கோயிலுக்குப் போனார், சவரம் எடுக்கப் போனார். போன இடமெல்லாம் கடிதம் பைக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது.

அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் இராணுவம் முன்னேற, எங்கள் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்து ஒரே நாளில் வீதிக்கு வந்தது. எல்லோரோடும் நாங்களும் மழைக்குள் நடந்தோம். அடுத்த பகுதியான தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பங்களுக்கு நடுவில் எங்களுக்கும் ஒரு மூலை கிடைத்தது. பக்கத்து மூலையில் முழங்கால் வீங்கிய ஒரு அம்மா, மயிலிட்டிப் பக்கத்தவர். ஐந்து வருடத்தில் அவர் இடம்பெயர்ந்து வந்த ஏழாவது இடம் அது.

மூன்றாம் நாள் காலையில் அவர் ஐயாவிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

"மூத்தவன் வெளிநாட்டிலை. டொக்டர்," என்றார் ஐயா. பட்டம் கிடைத்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த அம்மா உடனே சீலையைக் கொஞ்சம் உயர்த்தி முழங்காலை முன்னால் நீட்டினார். "அப்ப உங்களுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். இதுக்கு என்ன பூசலாம், ஐயா?"

"அந்த டொக்டர் இல்லை. சிப்பி டொக்டர்."

"சிப்பிக்கு என்ன வருத்தம், காய்ச்சலோ?"

எங்கள் அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயா பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆழ்கடலிலிருந்து தொடங்கினார். இருட்டு, சேறு, கசிகிற வாயு, பற்றீரியா, குடலில்லாச் சிப்பி, வாயு கல்லான விதம். எங்கும் நிறுத்தவில்லை. சமன்பாட்டைக்கூடக் கரும்பலகையில் எழுதினார். கடல்தொழில் செய்த குடும்பத்து மனுசி, கடலைப் பற்றி ஒரு கணக்கு வாத்தியார் சொல்வதை, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அது சாப்பாட்டுக்கு ஒரு இடமும் போகத் தேவையில்லை?"

"இல்லை. இருந்த இடத்திலையே எல்லாம்."

"குடுத்து வைச்ச சீவன்," என்றார் அவர். "கூப்பனோடை வரிசையிலை நிக்கத் தேவையில்லை."

வெளியே நிவாரணப் பருப்பு வந்துவிட்டதாக யாரோ கத்தினார்கள். நான் எங்கள் இரண்டு குடும்பத்துக் கூப்பன்களையும் வாங்கிக்கொண்டு ஓடினேன். ஆனாலும் எனக்கு முன்னால் எழுபது பேராவது நின்றிருப்பார்கள்.